சாசேஜும் ஆர்கனும்: சூரிக் நகரில் ஐந்தாண்டுகள்

1522ஆம் ஆண்டு லெந்து நாட்கள் தொடங்கிய சமயம். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கிறிஸ்டோப் ஃப்ரோஷவர் என்ற அச்சுக்கூட முதலாளியின் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, புகையில் உலர்த்திய இரண்டு சாசேஜ்களைத் துண்டு போட்டுத் தின்றார்கள். ஆளுக்கு ஒரு வாய்கூட முழுதாகக் கிடைத்திருக்காது. ஆனால் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் இறைச்சி தொடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அதை மீறுகிறவர்களை விசாரிப்பது நகர மன்றம். ஃப்ரோஷவர் மன்றத்திடம் சொன்ன சமாதானத்தில் முதலில் வந்தது தொழில்தான். பிராங்க்ஃபர்ட் சந்தைக்குள் பவுலின் நிருபங்களை ஒட்டிய நூல் ஒன்றை அச்சிட்டு முடிக்க வேண்டும். இரவு பகல், ஞாயிறு திங்கள் பார்க்காமல் வேலை நடக்கிறது. வெறும் கூழை ஊற்றி ஆட்களிடம் அந்த வேலையை வாங்க முடியாது, எந்நேரமும் மீன் வாங்கிப்போடவும் கட்டுப்படியாகாது என்றார். அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் ஒருவர் கிராஸ்மூன்ஸ்டர் பேராலயத்தின் போதகர் உல்ரிக் சுவிங்லி. அவர் சாப்பிடவில்லை. ஆனால் மார்ச் 23 அன்று பிரசங்க பீடத்தில் ஏறிச் சாப்பிட்டவர்களுக்காக வாதாடினார். ஏப்ரலில் அந்தப் பிரசங்கம் விரிவாக நூலாயிற்று. அச்சிட்டவர் அதே ஃப்ரோஷவர்.

ஐந்தாண்டு கழித்து, 1527 டிசம்பரில், அதே கிராஸ்மூன்ஸ்டரின் ஆர்கன் பிரித்தெடுக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேலாகவே அது வாசிக்கப்படாமல்தான் இருந்தது. நகரத்தின் ஆலயங்களில் பாடலும் நின்றுபோயிருந்தது. இதற்கும் வேதாகமத்தைத்தான் காட்டினார்கள். சாசேஜ் விஷயத்தில் வேதம் தடுக்கவில்லை, எனவே தின்னலாம் என்றார்கள். ஆர்கன் விஷயத்தில் வேதம் கட்டளையிடவில்லை, எனவே கூடாது என்றார்கள். புத்தகம் ஒன்று, ஊர் ஒன்று, போதகரும் ஒருவர். புத்தகம் பேசாத இடத்துக்கு இரண்டு தீர்ப்பு. சீர்திருத்த வரலாற்றைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்து, முதலில் சுதந்திரம் பேசினார்கள், அதிகாரம் கைக்கு வந்ததும் கெடுபிடி செய்தார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை என்றுதான் சொல்வேன். இரண்டு தீர்ப்புக்கும் அடியில் இருப்பது ஒரே கொள்கை. கேடு அந்தக் கொள்கையில் இல்லை, அதை அளக்கும் கோல் யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது.

முதலில் சாசேஜ் பிரசங்கம். சுவிங்லியின் ஆதாரங்கள் எளியவை. வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு சொன்னது மாற்கு 7இல் இருக்கிறது. அசுத்தமென்று ஒதுக்கிய பிராணிகளைத் தின்னும்படி பேதுருவுக்குத் தரிசனத்தில் சொல்லப்பட்டது அப்போஸ்தலர் 10இல் இருக்கிறது. ஓய்வுநாளே மனிதனுக்காக உண்டானதென்றால் உணவு எம்மாத்திரம் என்று அவர் கேட்டார். இதில் இன்னொரு சரடும் ஓடுகிறது, அதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. நோன்பு வேண்டுமா, தாராளமாக இரு; குறிப்பாக வேலைவெட்டி இல்லாமல் உண்டு கொழுத்தவனுக்கு அது நல்லது; வயலில் கொத்தும் ஏரும் பிடிக்கிறவனுக்கு அந்த உழைப்பே உடலை அடக்கிவிடுகிறது என்ற பொருளில் பேசினார். பணக்காரனுக்கு நோன்பு அவ்வளவு கடினமும் அல்ல. மீன் விதவிதமாகக் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் காசு கொடுத்து விலக்கு வாங்கலாம். ஆல்ப்ஸுக்கு வடக்கே எண்ணெய் அரிது, வெண்ணெய்தான் சமையல். லெந்து நாட்களில் அந்த வெண்ணெயைத் தொடுவதற்கே ரோமிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. பிரான்சின் ரூவான் பேராலயத்துக் கோபுரம் ஒன்றை இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்கிறார்கள். அப்படி விலக்கு வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில் எழுந்ததாம். காசு கொடுத்தால் நீங்குகிற பாவம் தேவன் விதித்த பாவமாக இருக்க முடியாது என்று சாதாரண மனிதனுக்கும் தோன்றாமல் இருக்குமா? மனிதர் விதித்ததை தேவன் விதித்ததாகக் காட்டி மனசாட்சியைக் கட்டிப்போடும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்பதே சுவிங்லி வாதத்தின் சாரம். அவர் தானே அந்தத் துண்டைத் தொடாதது கோழைத்தனம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. தின்னாமலிருக்கும் உரிமையும் அந்தச் சுதந்திரத்துக்குள் அடக்கம். தின்பதையே கட்டாயமாக்கினால் அது இன்னொரு சட்டமாகிவிடும்.

இனி ஆர்கன். சுவிங்லிக்குச் சங்கீதம் பிடிக்காது, அதனால் ஆலயத்திலிருந்து துரத்தினார் என்பது எளிய விளக்கம். அது சற்றும் பொருந்தாது. சீர்திருத்தத் தலைவர்களில் அவரைப் போன்ற இசைஞர் வேறொருவர் இல்லை. லூட், ஹார்ப், வயலின் வகையறா, குழல், கொம்பு என்று அவர் வாசித்த கருவிகளைச் சமகாலத்தவர் ஒருவர் பட்டியலிட்டே வைத்திருக்கிறார். கான்ஸ்டன்ஸ் பிஷப்பின் பிரதிநிதியாக இருந்த யோஹான் ஃபாபர் இதை வைத்தே அவரைக் கேலி செய்தார். லூட்டும் பிடிலும் தெரியும்தான், குழந்தைகளின் அழுகையை அடக்க வசதியாக இருக்கிறது என்று சுவிங்லி பதில் கொடுத்தார். ஆர்கன் போன பிறகும், 1531 புத்தாண்டு நாளில் சூரிக்கில் அரிஸ்டாஃபனீஸின் கிரேக்க நாடகம் ஒன்று மேடையேறியபோது அதற்கு இசையமைத்தவர் அவர்தான். வீட்டில் வாசிக்கலாம், மேடையில் வாசிக்கலாம். ஆராதனையில் மட்டும் கூடாது. எனவே இது ரசனையின் தீர்ப்பல்ல, கொள்கையின் தீர்ப்பு.

அந்தக் கொள்கை என்ன? ஆராதனை சாப்பாட்டு மேசையைப் போன்றதல்ல என்பதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் பிடிக்காத பதார்த்தத்தை இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடலாம். பந்தலில் முழங்கும் மேளத்தை அப்படி ஒதுக்க முடியாது, வந்தவர் எல்லாரும் கேட்டே ஆக வேண்டும். சபை கூடும் இடத்தில் எதைச் சேர்த்தாலும் அது வந்திருக்கிற எல்லார்மீதும் சேர்க்கப்பட்டதாகிறது. ஒருவன் பக்தி என்று நினைத்துச் செய்வது பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கடமையாகிறது. தேவன் கேட்காத ஒன்றை சபை கேட்டால், நோன்புச் சட்டத்தை எதிர்த்த அதே நியாயம் இங்கும் எழும்: மனிதர் ஏற்படுத்தியதை தேவனுக்குரியதாக்கி என் மனசாட்சியை நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள்? வீட்டில் 'நீ தடுக்காதே' என்ற அதே கொள்கை ஆலயத்தில் 'நீ திணிக்காதே' என்று பேசுகிறது. வேதத்தின் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் கற்பித்ததாகத் தோன்றுவது வெளிப்பார்வைக்குத்தான்.

இப்படி வாசிப்பது பிற்காலத்தவர் ஏற்றிச் சொல்லும் சமாதானமா என்று கேட்கலாம். இல்லை என்பதற்குச் சான்று 1525இலேயே இருக்கிறது. அந்த ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் பூசை நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும் திருவிருந்து வந்தது. பொன்னும் வெள்ளியும் போய், மரத்தட்டில் அப்பமும் மரக்கிண்ணத்தில் திராட்சரசமும் உட்கார்ந்திருந்த மக்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. இந்த முறையை விளக்கி எழுதிய முன்னுரையில் சுவிங்லி, பாட்டு முதலான கூடுதல் சடங்குகளை வைத்திருக்கும் மற்ற சபைகளைத் தாம் கண்டனம் செய்யவில்லை, அவர்களுக்கு அவை பக்திக்கு உதவலாம் என்று சொல்லிவிடுகிறார். பாட்டே பாவம் என்று நினைத்தவர் இப்படி எழுதமாட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1646இல் லண்டனில் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலும் இந்த இணைப்பு தெளிவாகத் தெரிகிறது. மனசாட்சிக்கு தேவன் ஒருவரே எஜமான், விசுவாசத்திலும் ஆராதனையிலும் வேதத்துக்கு அப்பால் மனிதர் சேர்ப்பவற்றிலிருந்து அது விடுதலை பெற்றது என்று அதன் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. தேவன் நியமிக்காத வழியில் அவரை ஆராதிக்கக்கூடாது என்பது அடுத்த அதிகாரம். சுதந்திரமும் கட்டுப்பாடும் அங்கே அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அல்ல.

ஆனால் வேதம் ஆராதனையில் இசையைக் கட்டளையிடவில்லை என்பதே சரிதானா என்ற கேள்வி நிற்கிறது. சங்கீதப் புத்தகத்தின் கடைசிச் சங்கீதம் எக்காளம், வீணை, தம்புரு, கைத்தாளம் என்று கருவிகளை அடுக்குகிறது. பவுலும் கொலோசெயருக்கு எழுதும்போது சங்கீதங்களும் ஞானப்பாட்டுகளும் பாடச் சொல்கிறார். கருவிகள் பழைய ஏற்பாட்டு ஆலயத்தோடு முடிந்தன என்றார்கள் சீர்திருத்தக்காரர்கள். அதையாவது ஒரு வாதமாக எடுத்துக்கொள்ளலாம். பவுலின் வார்த்தைக்கு சுவிங்லி கொடுத்த விளக்கம்தான் இழுத்துப் பிடித்த விளக்கம். இருதயத்தில் பாடச் சொன்னார், வாயால் அல்ல என்றார். உங்கள் பாட்டின் இரைச்சலை அகற்றுங்கள் என்று ஆமோஸ் கடிந்ததையும், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி இயேசு சொன்னதையும் துணைக்கு அழைத்தார். அறைக்குள் ஜெபிப்பதை அப்படியே விதியாக்கினால் சபையே கூட முடியாதே! இங்கே அவருக்குள் இருந்த கலைஞனே அவரை வழுக்கிவிட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல சங்கீதம் ஒருவனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். புரியாத லத்தீனைக் கூலிக்குப் பாடும் பாடகர் குழுவையும் அவர் பார்த்திருந்தார்.

அவருடைய ஊரிலேயே இந்த விளக்கம் நிலைக்கவில்லை. கான்ஸ்டன்ஸ் நகரத்துப் போதகர் யோஹான்னஸ் ஸ்விக் தொகுத்த பாட்டுப் புத்தகம், சபையில் பாடுவதை ஆதரித்து எழுதிய முன்னுரையோடு 1540இல் வெளிவந்தது. சபைப் பாட்டே இல்லாத சூரிக்கில்தான் அது அச்சானது, ஃப்ரோஷவரின் அச்சுக்கூடத்தில். சுவிங்லி இயற்றிய பாடல்களும் அதில் உண்டு. 1598இல் சூரிக் ஆலயங்களிலும் பாட்டு திரும்பியது. கிராஸ்மூன்ஸ்டருக்கு மறுபடி ஓர் ஆர்கன் வர 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மார்ட்டின் லூத்தர் இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தார். சாசேஜ் சம்பவம் நடந்த அதே 1522 மார்ச் மாதத்தில்தான் அவர் ஒளிந்திருந்த இடத்தைவிட்டு விட்டன்பர்க் திரும்பி, 9ஆம் தேதி தொடங்கி எட்டு நாள் பிரசங்கித்தார். அங்கே அவர் இல்லாத நேரத்தில் அவருடைய சகா கார்ல்ஸ்டாட் முதலானவர்கள் பூசையை மாற்றியிருந்தார்கள், சுரூபங்களை உடைக்கக் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் சொன்ன பலவற்றை லூத்தர் மறுக்கவில்லை. ஆனால் வேதம் விட்டுவைத்ததை நீங்கள் கட்டாயமாக்குகிறீர்கள், பலவீனமான சகோதரனுக்காகக் காத்திருக்க உங்களுக்குப் பொறுமை இல்லை என்றார். தடுக்கப்படாதது இருந்துவிட்டுப் போகட்டும், அது இரட்சிப்புக்கு வழி என்று மட்டும் சொல்லாதே என்பது அவர் வழி. தமிழ்ப் புராட்டஸ்தாந்தச் சபைகளுக்கு முதலில் வந்து சேர்ந்ததும் இந்த வழிதான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் லூத்தரன்; பாட்டு அவருடைய சபையோடு கூடவே வந்தது. சூரிக்கின் விதி இங்கே முதலில் வேரூன்றியிருந்தால் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு ஆலயத்துக்குள் என்ன கதி ஆகியிருக்கும் என்பது வாசகர் ஊகத்துக்கு. லூத்தரின் வழியிலும் ஓட்டை உண்டு. தடுக்கப்படாதது எல்லாம் இருக்கலாமென்றால், அதை எல்லாரும் செய்ய வேண்டுமென்று மேலிடம் ஆணையிடும்போது எதைச் சொல்லி மறுப்பது? அந்த ஆயுதத்தை அவர் வழி கையில் கொடுப்பதில்லை.

சூரிக்கின் கொள்கைக்கு மிகக் கடுமையான எதிர்வாதம் ரோமிலிருந்தும் வரவில்லை, விட்டன்பர்க்கிலிருந்தும் வரவில்லை. சுவிங்லியிடம் பாடம் கேட்ட இளைஞர்களிடமிருந்தே வந்தது. கொன்ராட் கிரேபெல் 1524 செப்டம்பரில் ஜெர்மானியச் சீர்திருத்தப் போதகர் தாமஸ் முன்ட்ஸருக்கு எழுதிய கடிதத்தில், தெளிவான வசனத்தால் போதிக்கப்படாத எதுவும் தடுக்கப்பட்டதற்குச் சமம் என்று வாதிட்டார். முன்ட்ஸர் ஜெர்மன் மொழியில் பாட்டுகளோடு ஆராதனை அமைத்ததை அந்த அடிப்படையில்தான் குறைசொன்னார். அதுவரை அவர் ஆசிரியரின் மாணவர்தான். பிறகு அவரும் ஃபெலிக்ஸ் மான்ஸும் அடுத்த கேள்விக்குப் போனார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி புதிய ஏற்பாட்டில் எங்கே கட்டளை இருக்கிறது? சுவிங்லி விருத்தசேதனத்தை ஒப்புமை காட்டினார். குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர்களைக் காட்டினார். வேதம் அதைத் தடுக்கவில்லை என்றும் சொன்னார். ஆர்கனுக்குச் செல்லாத நியாயம் இங்கே மட்டும் எப்படிச் செல்லும்? பரமபிதா நடாத நாற்று எல்லாம் வேரோடு பிடுங்கப்படும் என்ற பொருள்படும் மத்தேயு வசனத்தை சுவிங்லியின் பக்கம் ரோமின் சடங்குகளுக்கு எதிராக வீசியது. அந்த இளைஞர்களின் பக்கம் நின்ற பால்தசார் ஹூப்மையர் அதே வசனத்தைக் குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிராகத் திருப்பினார். இந்த இடத்தில் சுவிங்லியின் வாதம் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாதம் நொண்டியதோடு நின்றிருந்தால் அது வேதசாஸ்திரிகளின் சண்டையாகவே முடிந்திருக்கும். நிற்கவில்லை. அதன் விதை 1523 அக்டோபரிலேயே விழுந்துவிட்டது. சுரூபங்களையும் பூசையையும் பற்றி நகர மன்ற மண்டபத்தில் சுமார் தொள்ளாயிரம் பேர் முன்னிலையில் விவாதம் நடந்தது. பூசை வேதத்துக்கு ஒவ்வாதது என்பது முடிவானதும், அதை எப்போது எப்படி மாற்றுவது என்பதை மன்றத்தார் தீர்மானிப்பார்கள் என்றார் சுவிங்லி. அதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மன்றத்துக்குக் கொடுக்க உமக்கு உரிமையில்லை, தேவ ஆவியானவர் ஏற்கெனவே தீர்த்துவிட்டார் என்று சைமன் ஸ்டும்ப் என்ற கிராமத்துப் போதகர் எழுந்து சொன்னார். சுவிங்லியின் பக்கமும் நியாயம் இருந்தது. ஆளுக்கொரு கோடரியைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குள் புகுந்தால் ஊர் என்ன ஆகும்? 1524 ஜூனில் சுரூபங்கள் அகற்றப்பட்டபோது அது கலவரமாக நடக்கவில்லை. மன்றம் நியமித்த குழு, கொத்தர், தச்சர், கொல்லர்களோடு கோவில் கோவிலாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவர்களை வெள்ளையடித்து முடித்தது. ஒழுங்கு காக்கப்பட்டது. ஆனால் வேதம் சொல்லாத இடத்தில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்று அளக்கும் கோல் அபராதமும் சிறையும் விதிக்கும் கைக்குப் போய்விட்டது. சுவிங்லியேகூட அதற்குத் தப்பவில்லை: திருவிருந்தில் சில பகுதிகளை ஆண்களும் பெண்களும் மாறி மாறிச் சொல்லும்படி அவர் எழுதிவைத்ததற்கு மன்றம் இடம் கொடுக்கவில்லை.

1525 ஜனவரி 21 அன்று கிரேபெலும் மான்ஸும் உட்பட ஒரு வீட்டில் கூடிய சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில், மறு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களை நீரில் அமிழ்த்திக் கொல்வதென்று மன்றம் சட்டம் போட்டது. 1527 ஜனவரி 5 அன்று ஃபெலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மாட் ஆற்றில் அமிழ்த்தினார்கள். ஆர்கனைப் பிரித்ததும் அந்த ஆண்டின் இறுதியில்தான். மனசாட்சியின்மேல் மனிதருக்கு அதிகாரமில்லை என்று ஐந்தாண்டுக்கு முன் முழங்கிய நகரம் இது. அன்றைய ஐரோப்பாவில் எந்த அரசுதான் இதைச் செய்யவில்லை என்று சுவிங்லிக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் கேட்பார்கள். உண்மைதான், ஹூப்மையரை அடுத்த ஆண்டு வியன்னாவில் உயிரோடு எரித்தது கத்தோலிக்க அரசு. ஆனால் மற்ற அரசுகள் அந்தக் கொள்கையைப் பேசவில்லை, சூரிக் பேசியது. ஆகவே அதன்மேல் விழும் பழியும் அதிகம். சாசேஜ் விசாரணையில் மன்றம் கேள்வி கேட்டது, சுவிங்லி குடிமக்களுக்காகப் பதில் சொன்னார். மான்ஸ் விசாரணையில் அவர் மன்றத்தின் பக்கம் இருந்தார்.

கோல் கைமாறினால் என்ன ஆகும் என்பதைச் சூரிக்கின் வாரிசுகள் இங்கிலாந்தில் மறுபடி பார்த்தார்கள். ஜான் ஹூப்பர் சூரிக்கில் சில காலம் வாழ்ந்து, சுவிங்லிக்குப் பின் வந்த ஹைன்ரிக் புல்லிங்கரோடு பழகியவர். 1550இல் குளோஸ்டர் பிஷப் பதவி கிடைத்தபோது, பட்டமளிப்பில் பழைய அங்கிகளை அணிய மாட்டேன், வேதத்தில் அவற்றுக்கு இடமில்லை என்றார். அவரை எதிர்த்த லண்டன் பிஷப் ரிட்லி, அங்கி ஒரு பொருட்டே அல்ல, அரசன் சொன்னால் உடுத்திக்கொள்ளலாமே என்றார். பொருட்டே அல்லாததற்கு ஒருவரைச் சிறையில் வைப்பானேன்? வைத்தார்கள். 1551இல் ஹூப்பர் இறங்கிவந்து அங்கியோடு பட்டம் பெற்றார். எலிசபெத் காலத்தில் அதே வழக்கு பெரிதாக வெடித்தது. 1566 மார்ச்சில் லண்டன் போதகர்களை லாம்பெத் அரண்மனைக்கு அழைத்து, குறித்த உடையை ஏற்கிறீர்களா என்று கேட்டபோது 37 பேர் மறுத்துத் தற்காலிகமாக வேலை இழந்தார்கள். மறுத்தவர்களின் பக்கம் நின்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் லாரன்ஸ் ஹம்ஃப்ரியும் தாமஸ் சாம்ப்சனும் நம்மவராயிற்றே என்று புல்லிங்கரிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு துணிக்காக மந்தையை ஓநாய்களிடம் விட்டுவிடாதீர்கள், உடுத்திக்கொண்டு பிரசங்கியுங்கள் என்ற பொருளில் அவரிடமிருந்து பதில் வந்தது. தவித்து நிற்கும் போதகனுக்கு மூத்த போதகன் சொல்லும் யோசனையாகப் பார்த்தால் அது நல்ல யோசனைதான். ஆனால் பிஷப்கள் அந்தக் கடிதத்தை உடனே அச்சடித்துப் பரப்பினார்கள். சூரிக்கே சொல்லிவிட்டது என்று அதைக் காட்டி மறுப்பவர்களை நெருக்கினார்கள். அடுத்த சில மாதங்களில் புல்லிங்கரும் அவருடைய சகா குவால்ட்டரும், தாங்கள் எழுதியது எந்தச் சகோதரனையும் வேலையைவிட்டுத் துரத்துவதற்காக அல்ல என்று இங்கிலாந்துக்கு வருந்திக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.